ஊர்ப் பேச்சால் எழுத்துக்கு அழைத்தல்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத் தன்னார்வலர்களுக்கு ஒரு வழிகாட்டி

வயது வந்தோருக்கு எழுத்தறிவு தரும் பணிக்குப் புதிதாக வருகிறவர்கள், கற்போர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகச் செல்லும் முதல் வாரத்திலேயே ஒரு சிக்கலைச் சந்திக்கிறார்கள். எல்லா வீட்டிலும் மரியாதையாக உட்காரச் சொல்கிறார்கள், தண்ணீர் கொடுக்கிறார்கள், ‘ஆவட்டும், பாக்கலாம்’ என்று சொல்லி அனுப்புகிறார்கள். மாலையில் எழுத்தறிவு மையத்துக்கு யாரும் வருவதில்லை. அழைப்பின் நோக்கத்தில் குறை எதுவும் இல்லை. அழைக்கும் மொழி அவர்களுடையதாக இல்லை என்பதுதான் பல இடங்களில் காரணம். அந்த மொழியை எப்படிக் கேட்டறிவது, எப்படிச் சோதிப்பது, பரப்புரையில் எங்கே பயன்படுத்துவது, வகுப்பில் எந்த இடத்தில் அதிலிருந்து எழுத்துத் தமிழுக்குக் கைமாற்றுவது என்பவற்றைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களை மனத்தில் வைத்து இங்கே சொல்கிறேன்.

இந்தப் பகுதிக்கு இப்பணி எவ்வளவு தேவை என்பதை 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டுகிறது. தமிழ்நாட்டின் எழுத்தறிவு விகிதம் 80 விழுக்காடாக இருந்தபோது, தருமபுரி மாவட்டத்தில் அது 68.5 விழுக்காடாக, மாநிலத்திலேயே மிகக் குறைவாக இருந்தது. பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ 60 விழுக்காடுதான். 2004ஆம் ஆண்டு தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டமும் மாநிலச் சராசரியைத் தொடவில்லை. 1988ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் தொடர்ச்சியாகத் தமிழ்நாட்டில் தொண்ணூறுகளில் நடந்த அறிவொளி இயக்கம், பாட்டும் நாடகமும் கொண்ட கலைப்பயணங்களால் கிராமங்களைத் திரட்டியது. இப்போது 2022 முதல் 2027 வரையிலான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் கீழ், 15 வயதுக்கு மேற்பட்ட, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தன்னார்வலர்கள் ஊதியமின்றிக் கற்பிக்கிறார்கள். திட்டத்தின் பெயர் மாறினாலும், முதல் மாலையில் ஒருவரை வீட்டிலிருந்து மையம் வரை வரவைப்பது என்னும் வேலை அன்றிருந்தபடியே இன்றும் இருக்கிறது.

முதல் வேலை: வாயை மூடிக்கொண்டு கேட்பது

வட்டார வழக்கைப் பயன்படுத்துவது என்றவுடன், நமக்குத் தெரிந்த நான்கு கொச்சைச் சொற்களைச் சேர்த்து ஒரு முழக்கம் எழுதிவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். சேலத்திலிருந்தோ கோவையிலிருந்தோ வந்த ஒருவர் தமக்குப் பழகிய வழக்கை இங்கே கொண்டுவந்தால், அது அதிகாரிகளின் செந்தமிழைவிட அதிகமாக அந்நியப்படும். திரைப்பட நகைச்சுவையிலிருந்து எடுத்த ‘கிராமத்துப் பேச்சு’ இன்னும் மோசம். அது எந்த ஊர்ப் பேச்சும் அன்று.

மையம் தொடங்குவதற்கு முன் குறைந்தது இரண்டு வாரத்தைக் கேட்பதற்கென்றே ஒதுக்குங்கள். எங்கே கேட்பது என்பது முக்கியம். கேள்விகளோடு உங்கள் முன் உட்காரவைக்கப்பட்ட ஒரு பெண், உங்களுக்கு ஏற்றபடி தம் பேச்சைத் திருத்திக்கொண்டுதான் பேசுவார். கைக்கு வேலையும் வாய்க்கு ஓய்வும் இருக்கும் இடங்களில்தான் பேச்சு இயல்பாக வரும். தை மாதத்திலிருந்து சித்திரை வரை இம்மாவட்டங்களின் பல ஊர்களில் வீட்டு முற்றங்களில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து புளி ஓடு தட்டுவதையும், நார் உரிப்பதையும், கொட்டை எடுப்பதையும் பார்க்கலாம். நீங்களும் ஒரு முறத்தை வாங்கிக்கொண்டு உட்காருங்கள். எடைக்கு எவ்வளவு கூலி, யார் எடை போட்டார், போன வாரக் கணக்கில் எவ்வளவு குறைந்தது என்று அங்கே நடக்கும் பேச்சில், எழுத்தும் கணக்கும் தங்களுக்கு எங்கே தேவைப்படுகின்றன என்பதை அவர்களே சொல்லிக்கொண்டிருப்பார்கள். நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் மதிய உணவு நேரம், ரேஷன் கடை வரிசை, மகளிர் குழுக் கூட்டம் முடிந்த பிறகான பத்து நிமிடம், போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தை ஆகியவையும் இப்படிப்பட்ட இடங்களே.

கேட்டதைக் குறித்துக்கொள்ள ஒரு நோட்டு வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் நான்கு பத்தியாகப் பிரியுங்கள்: சொல் அல்லது தொடர்; அதை யார், எந்தச் சூழலில் சொன்னார்; எந்த ஊர் அல்லது எந்தக் கொட்டாய்; எழுத்துத் தமிழில் அது எப்படி எழுதப்படும். (கொட்டகை என்பதன் மருவிய வடிவமான ‘கொட்டாய்’, நிலத்தை ஒட்டி அமைந்த சிறு குடியிருப்புகளின் பெயராகவே இங்கு நிலைத்துவிட்டது, முகவரி கேட்கும்போதே இது உங்களுக்குப் புரியும்.) இரண்டாம் பத்தியை ஒருபோதும் வெறுமையாக விடாதீர்கள். இளைஞர்கள் தங்களுக்குள் பேசும் சொல்லை அறுபது வயது அம்மாவிடம் பயன்படுத்தி மதிப்பைக் கெடுத்துக்கொள்ளாமல் உங்களைக் காப்பது அந்தப் பத்திதான். கைப்பேசியில் பதிவு செய்வதானால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கேட்காமல் பதிவு செய்தது தெரிந்தால், அந்தத் தெருவில் உங்கள் பணி அன்றோடு முடிந்துவிடும்.

இரண்டு மாவட்டங்களும் ஒரே பேச்சைப் பேசுவதில்லை என்பது நோட்டு பாதி நிரம்புவதற்குள் தெரிந்துவிடும். ஊத்தங்கரை, பர்கூர்ப் பக்கத்தில் ‘வந்துக்கினு’, ‘கீது’, ‘வோணும்’ என்று வடமாவட்டச் சாயல் காதில் விழும். சேலத்தை ஒட்டிய பக்கத்துக்குப் போனால் அந்தச் சாயல் குறையும். வீட்டை ‘வூடு’ என்பதும், திருவிழாவை ‘நோம்பி’ என்பதும், கேழ்வரகை ஓரிடத்தில் ‘ராகி’ என்றும் மற்றோரிடத்தில் ‘கேவுரு’ என்றும் சொல்வதும் உங்கள் நோட்டில் ஏறும். நான் தரும் இந்தச் சொற்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மையத்தின் எல்லைக்குள் காதால் கேட்டதை மட்டும் பயன்படுத்துங்கள்.

ஒசூர், தளி, தேன்கனிக்கோட்டை, சூளகிரிப் பகுதிகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. அங்கே பல குடும்பங்களில் வீட்டு மொழி தெலுங்கு அல்லது கன்னடம். தமிழ் சந்தையிலும் வேலையிலும் கற்றுக்கொண்ட மொழி. அரசுப் பள்ளிகளிலேயே அம்மொழி வழிக் கல்வி உள்ள பகுதி அது. அத்தகைய வீட்டில் தமிழ் வட்டார வழக்கில் எவ்வளவு இனிமையாக அழைத்தாலும், அது விருந்தாளியின் மொழிதான். எந்த எழுத்தைக் கற்க விரும்புகிறீர்கள் என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். தமிழ் எழுத்து வேண்டும் என்றால், அழைப்பையும் தொடக்க உரையாடலையும் வீட்டு மொழி அறிந்த ஒருவர் நடத்தட்டும். சித்தேரி, வத்தல்மலை போன்ற மலை ஊர்களுக்கும் இதுவே பொருந்தும்: அழைப்பவர் அந்த மலையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும்.

இரண்டாம் வேலை: அழைப்பை எழுதுவதும் திருத்துவதும்

‘எழுத்தறிவின்மையை வேரறுப்போம்’, ‘கல்லாமை இருளை அகற்றுவோம்’ என்னும் முழக்கங்களை நாம் அனைவரும் பதாகைகளில் பார்த்திருக்கிறோம். பகலெல்லாம் வெயிலில் வேலை செய்து மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்த ஒரு பெண்ணை நோக்கி, நீ இருளில் இருக்கிறாய் என்று சொல்வது எவ்வளவு பெரிய அவமதிப்பு என்பதை எண்ணிப் பாருங்கள். அந்த வரியை ஊர்ப் பேச்சுக்கு மாற்றினாலும் அவமதிப்பு போகாது. எனவே முதலில் மாற வேண்டியது சொல்லப்படும் செய்தி. பேச்சு வழக்கு அதற்கு அடுத்ததுதான். ‘கைநாட்டு’ என்னும் சொல் பேச்சில் எவ்வளவு இயல்பாகப் புழங்கினாலும் பரப்புரையில் வரக்கூடாது. ‘படிக்காதவங்க’ என்பதையும் தவிர்க்கலாம். ‘சின்ன வயசுல பள்ளிக்கூடம் போவ முடியாதவங்க’ என்றால் உண்மையும் நிற்கும், மரியாதையும் நிற்கும்.

கேட்கும் வாரங்களில் அவர்கள் வாயிலிருந்து வந்த தேவையையே அழைப்பின் கருவாக்குங்கள். எடுத்துக்காட்டாக, ஒலிபெருக்கியில் சொல்வதற்கு இப்படி ஒரு பகுதி அமையலாம்:

‘அக்கா, அம்மா, எல்லாருக்கும் வணக்கமுங்க. நம்ம ஊரு பள்ளிக்கூடத்துல சாய்ந்தரம் ஏழு மணிக்கு எழுத்து சொல்லித் தராங்க. காசு கெடையாது. வேல முடிச்சி, சோறாக்கி வெச்சிட்டு வாங்க. குழு நோட்டுல என்னா எழுதிக்கீதுன்னு நாமளே படிச்சிப் பாத்துக்கலாம். பஸ்சு போர்டு பாத்து நாமளே ஏறலாம்.’

இதில் மூன்று செய்திகள்தான் இருக்கின்றன: இடமும் நேரமும், கட்டணம் இல்லை என்பது, கைமேல் கிடைக்கும் பயன். நான்காவது செய்தியைச் சேர்த்தால் முதல் செய்தி மறந்துபோகும். ‘வணக்கமுங்க’, ‘வாங்க’ என்னும் மரியாதை வடிவங்களையும் கவனியுங்கள். நெருக்கமாக இருக்கட்டும் என்று ‘வா’, ‘படி’, ‘வாடி’ என்று எழுதுகிற ஆர்வம் புதியவர்களுக்கு வரும். எதிர்ப்படுகிறவரை ஒருமையில் அழைப்பதற்குப் பின்னால் இங்கே நீண்ட சாதிய வரலாறு இருக்கிறது. வயதில் மூத்தவர்களையே ஒருமையில் அழைத்துப் பழகிய கொடுமையை அனுபவித்தவர்கள் உங்கள் மையத்துக்கு வரப்போகிறவர்களில் இருப்பார்கள். ஒலிப்பு எவ்வளவு வட்டாரமாக இருந்தாலும், அழைப்பு எப்போதும் மரியாதைப் பன்மையில் இருக்க வேண்டும். இதில் விதிவிலக்கு வேண்டாம்.

இதே காரணத்தால் இடப் பெயர்களிலும் கவனம் தேவை. ‘ஊரு’, ‘காலனி’ என்று பிரித்துச் சொல்வது பேச்சில் வழக்கமாக இருக்கலாம். ‘காலனி’ என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025ஆம் ஆண்டு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். உங்கள் அறிவிப்பில் தெருவின் பெயரையோ, நகரின் பெயரையோ சொல்லுங்கள். உறவுச் சொற்களும் குழுவுக்குக் குழு மாறுபடும். ஒரு சமூகத்தார் மட்டும் பயன்படுத்தும் உறவுச் சொல்லை அறிவிப்பில் வைத்தால், மற்றவர்கள் அது தங்களுக்கான மையம் அன்று என்று ஒதுங்கிவிடுவார்கள். ‘அக்கா’, ‘அம்மா’, ‘அண்ணா’, ‘ஐயா’ ஆகியவை எல்லாத் தெருவுக்கும் பொதுவானவை.

எழுதி முடித்ததை ஊரில் சோதியுங்கள். நான் மிகவும் நம்புகிற சோதனை எளியது. நான்கைந்து பெண்களிடம் அழைப்பை ஒரு முறை சொல்லிவிட்டு, வராத பக்கத்து வீட்டுக்காரரிடம் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் திருப்பிச் சொல்லும்போது எந்தச் சொல்லை மாற்றுகிறார்களோ, அது அந்த ஊரின் சொல் அன்று என்று பொருள். அவர்கள் போட்ட சொல்லையே எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்களோ, அது தேவையில்லாதது. சிரிப்பையும் கவனியுங்கள். ‘அட, நம்மளாட்டமே சொல்றாங்க’ என்று கலகலப்பாக வரும் சிரிப்பு நல்லது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் வாயை மூடிச் சிரித்தால், தங்கள் பேச்சை நீங்கள் கேலி செய்வதாக அவர்களுக்குத் தோன்றியிருக்கலாம். அந்த வரியை அங்கேயே கைவிடுங்கள். பெங்களூரில் கட்டட வேலைக்கும் திருப்பூரில் பனியன் வேலைக்கும் போய்வருகிறவர்களில் பலர், தங்கள் பேச்சுக்காகவே கேலிக்கு ஆளானவர்கள். அந்தக் காயத்தின்மேல் நம் பரப்புரை கை வைக்கக்கூடாது.

இதிலிருந்து இன்னொரு முடிவும் கிடைக்கிறது. உங்களுக்கு அந்தப் பேச்சு பிறவிப் பேச்சு இல்லையென்றால், நீங்கள் அதைப் பேசிக் காட்ட வேண்டாம். நீங்கள் உங்களுக்கு இயல்பான எளிய பேச்சுத் தமிழிலேயே பேசுங்கள். ஊர்ப் பேச்சை ஊர்க்காரர் குரலில் ஒலிக்கச் செய்யுங்கள்.

மூன்றாம் வேலை: எந்த வழியில் எதைச் சொல்வது

ஊர்ப் பேச்சு காதுக்கானது. ஆகவே ஒலி வழியாகச் செல்லும் அனைத்திலும் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். தண்டோரா போடும் வழக்கத்துக்கு 2022ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு தடை விதித்துவிட்டதால், ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவே இப்போது வழக்கமான வழி. அதில் உள்ளூர்ப் பெண் ஒருவரின் குரலில் பதிவு செய்த அழைப்பை ஒலிக்கவிடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் முடியட்டும். குழுப் பெண்களின் வாட்ஸ்அப் குழுக்களில் எழுத்துச் செய்தியை அனுப்புவதால் நமக்கு வேண்டியவர்களுக்குப் பயனில்லை. குரல் செய்தியே அவர்களைச் சேரும். மையத்தில் முன்பு படித்த ஒருவர் தம் பெயரைச் சொல்லி அதைப் பேசி அனுப்பினால், அதைவிட வலுவான அழைப்பு வேறில்லை.

சுவரெழுத்தைப் பற்றிப் பலரும் யோசிக்காத ஒன்று உண்டு. நாம் அழைக்க விரும்புகிறவர்களால் சுவரைப் படிக்க முடியாது. அதைப் படிப்பவர்கள் அவர்களுடைய மகனும் மருமகளும் பேத்தியும்தான். எனவே சுவரெழுத்து அவர்களை நோக்கியே எழுதப்பட வேண்டும்: ‘அம்மாவைச் சாயங்காலம் ஏழு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள். அதுவரை அடுப்பை நீங்கள் பாருங்கள்.’ எழுத்துத் தமிழிலேயே இருக்கட்டும். படிக்கத் தெரிந்தவர்களுக்குக் கொச்சை எழுத்து இடறும். பள்ளித் தலைமையாசிரியர்களும் பேச்சு வழக்கைச் சுவரில் எழுதுவதை விரும்பமாட்டார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு.

தெருக்கூத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மண்ணில் அதற்கு ஈடான ஊடகம் இல்லை. திரௌபதி அம்மன் கோயில்களில் மகாபாரதக் கதை நடக்கும் காலத்தில், விடிய விடிய நடக்கும் கூத்துக்குச் சுற்றுவட்டாரமே கூடுகிறது. அரசனும் அரசியும் செய்யுள் நடையில் பாட, கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் மட்டும் ஊர்ப் பேச்சில் பேசி, கதைக்கு வெளியே வந்து பார்வையாளர்களோடு உரையாடுவது கூத்தின் மரபு. அதாவது, உயர்ந்த மொழியையும் ஊர் மொழியையும் ஒரே மேடையில் நிறுத்தி, ஒன்றை மற்றொன்றால் விளக்கும் முறையை இம்மக்கள் தலைமுறைகளாகக் கேட்டுவருகிறார்கள். எழுத்தறிவு மையம் செய்ய விரும்புவதும் இதைத்தான்.

கூத்துக் குழுவை அணுகும்போது வசனம் எழுதிக் கொடுக்காதீர்கள். குழுவின் வாத்தியாரைச் சந்தித்து, இடம், நேரம், கட்டணமில்லை என்னும் செய்திகளையும், ஊரில் கேட்ட ஓரிரு உண்மை நிகழ்வுகளையும் சொல்லுங்கள். ஆட்களின் பெயரை மட்டும் சொல்ல வேண்டாம். எந்தக் காட்சியின் இடையில், எந்த வார்த்தைகளில் சொல்வது என்பதை அவர்களிடம் விட்டுவிடுங்கள். ஓலை வந்து, அதைப் படிக்க ஆள் தேடும் ஒரு காட்சியைக் கட்டியங்காரன் நொடியில் உருவாக்கிவிடுவார். எழுத்துத் தெரியாதவரைக் கேலி செய்யாமல், தெரியாமலே வைத்திருப்பவர்களைக் கேலி செய்யும்படி மட்டும் வேண்டிக்கொள்ளுங்கள். கலைஞர்களுக்குரிய தொகையைப் பேசிக் கொடுத்துவிடுங்கள். நல்ல காரியம் என்பதற்காக அவர்கள் இலவசமாக ஆட வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையன்று.

ஆண்களைச் சேர்ப்பதற்கு இவற்றில் எதுவும் அவ்வளவாக உதவாது. பெங்களூரிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வீடு திரும்பும் கட்டடத் தொழிலாளிக்கு எழுத்தைவிடக் கணக்கே ஈர்ப்பு. மேஸ்திரி வைத்திருக்கும் நோட்டில் தன் ஆள்கணக்கும் அட்வான்ஸும் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பார்க்கலாம் என்பதுதான் அவருக்குச் சொல்ல வேண்டிய ஒரே வரி. சென்ட்ரிங், சித்தாள், கலவை, அட்வான்ஸ் என்று அவர் சொல்லும் சொற்களை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ‘முன்பணம்’ என்று திருத்தினால் உரையாடல் நின்றுவிடும்.

நான்காம் வேலை: முதல் சொற்களைத் தேர்வது

பரப்புரையில் ஊர்ப் பேச்சால் அழைத்துவிட்டு, முதல் நாள் வகுப்பில் ‘அ, ஆ, இ, ஈ’ என்று தொடங்கினால், அழைத்தவர் வேறு, கற்பிப்பவர் வேறு என்றாகிவிடும். பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ பிரேரே, 1963ஆம் ஆண்டு அங்கிகோஸ் என்னும் ஊரில் உழைக்கும் மக்களுக்குக் கற்பித்தபோது, அவர்கள் அன்றாடம் புழங்கும் சொற்களை முதலில் திரட்டி, அவற்றை அசைகளாகப் பிரித்து, அந்த அசைகளால் புதுச் சொற்களை அவர்களையே உருவாக்கச் செய்தார். உங்கள் கையிலிருக்கும் நான்கு பத்தி நோட்டு இதற்குத்தான் மறுபடியும் பயன்படப்போகிறது.

தமிழில் இதைச் செய்யும்போது ஒரு தனிச் சிக்கல் உண்டு: நாம் பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று. ‘வூடு’ என்று சொல்கிறவருக்கு முதல் நாளே ‘வீடு’ என்று எழுதிக்காட்டினால், தாம் சொன்னது பிழை என்றே அவர் எண்ணுவார். ‘வூடு’ என்றே எழுதிக்காட்டினால், அந்த எழுத்து வடிவத்தை அவர் வேறெங்கும் பார்க்கப்போவதில்லை. ஆகவே முதல் வாரத்துக்கு, ஊர்ப் பேச்சிலும் எழுத்திலும் ஒரே வடிவில் இருக்கும் சொற்களை மட்டும் நோட்டிலிருந்து பொறுக்கியெடுங்கள். அப்படிப்பட்ட சொற்கள் இந்தப் பகுதியின் வாழ்க்கையிலேயே நிறைய இருக்கின்றன: புளி, களி, கூலி, ஆடு, கூடு, ஏரி. தருமபுரியில் பட்டுக்கூடு அங்காடியே இருக்கும்போது ‘கூடு’ என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இந்த ஆறு சொற்களையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். பு, ளி, க, கூ, லி, ஆ, டு, ஏ, ரி என ஒன்பது எழுத்துகள்தான் வருகின்றன. தமிழில் 247 எழுத்துகள் இருக்கின்றன என்று சொல்லி யாரையும் மிரட்டத் தேவையில்லை. ஒன்பதையும் தனித்தனி அட்டைகளில் பெரிதாக எழுதிக் கொடுத்து, மாற்றி மாற்றி அடுக்கச் சொல்லுங்கள். ‘புளி’யிலுள்ள ‘பு’வையும் ‘கூலி’யிலுள்ள ‘லி’யையும் சேர்த்தால் ‘புலி’ வரும். ‘ளி’க்கும் ‘லி’க்கும் உள்ள வேறுபாடு எந்த இலக்கண விளக்கமும் இல்லாமல் அங்கேயே கண்ணில் பதியும். ‘க’வும் ‘ரி’யும் சேர்ந்தால் ‘கரி’. ‘ஏ’யும் ‘டு’வும் சேர்ந்தால் ‘ஏடு’. ‘பு’வும் ‘ரி’யும் சேர்ந்தால் ‘புரி’ வருகிறது. மாவட்டப் பெயரின் கடைசிப் பகுதி அது. மறுநாள் பேருந்து நிலையத்தில் நிற்கும் வண்டியின் பலகையில், தமக்குத் தெரிந்த இரண்டு எழுத்துகளைத் தாமே கண்டுபிடித்துவிட்டு வகுப்பில் வந்து சொல்லும் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பணியின் அருமை தெரியும்.

இந்த அட்டைகளோடு அவரவர் பெயரையும் தொடங்கிவிடுங்கள். பெயருக்கான எழுத்துகள் வரிசைப்படி வரும்வரை காத்திருக்கச் சொல்வது தேவையற்ற கண்டிப்பு.

ஐந்தாம் வேலை: எழுத்துத் தமிழுக்குக் கைமாற்றுவது

ஊர்ப் பேச்சிலேயே நின்றுவிட்டால் கற்போருக்குத் துரோகம் செய்தவர்களாவோம். அவர்கள் படிக்கப்போகும் பட்டாவும், வங்கிச் சீட்டும், மருந்துச் சீட்டும், பேருந்துப் பலகையும் எழுத்துத் தமிழில்தான் இருக்கின்றன. கற்போரும் இதை அறிவார்கள். ‘நாங்க பேசறதையே எழுதறதுக்கா இங்க வந்தோம்?’ என்று கேட்பார்கள், அந்தக் கேள்வி முற்றிலும் சரி.

இரண்டாம் வாரத்திலிருந்து, பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள வேறுபாடுகளை, ஒழுங்கு தெளிவாக உள்ளவை முதலில் என்ற வரிசையில் கொண்டுவாருங்கள். பாலு, நெல்லு, கண்ணு என்பவை பால், நெல், கண் என்று முடிவது முதலில். வெல, மல, சந்த என்று ஒலிப்பவை விலை, மலை, சந்தை என்று எழுதப்படுவது அடுத்து. வூடு, பொண்ணு, தண்ணி போன்று தனித்தனியாக நினைவில் கொள்ள வேண்டியவை அதற்குப் பிறகு. ளகரமாகவோ யகரமாகவோ ஒலிக்கப்படும் ழகரத்துக்கு அவசரமே இல்லை; படித்தவர்களில் பலருக்கே அது நாவில் வருவதில்லை. ‘வந்துக்கினு இருக்கறாங்க’ என்பது ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ ஆகும் வினைச்சொற்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் ‘வி... லை’ என்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, பொருள் புரியாமல் நிமிர்ந்து பார்க்கும் இடம் கட்டாயம் வரும். சற்றுப் பொறுங்கள். பெரும்பாலும் அவரே, ‘வெல தானே?’ என்று கேட்பார். அப்போது, ‘ஆமாங்க அக்கா, நாம வெலன்னு சொல்றத இப்படி எழுதறாங்க’ என்று சொன்னால் போதும். ‘தப்பு’, ‘கொச்சை’, ‘திருத்தமாகச் சொல்லுங்கள்’ ஆகிய மூன்றையும் மையத்தின் வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள். வாய்விட்டுப் படிக்கும்போது ஊர் ஒலிப்பிலேயே படிக்கட்டும். எழுதும்போது மட்டும் எழுத்து வடிவம் வந்தால் போதும்.

இத்திட்டத்தில் பயிற்சியின் முடிவில் நடக்கும் அடிப்படை எழுத்தறிவுத் தேர்வு 150 மதிப்பெண்ணுக்கானது. வாசித்தல், எழுதுதல், எண்ணறிவு ஆகியவற்றுக்குத் தலா 50. வினாத்தாள் எழுத்துத் தமிழில் இருக்கும் என்பதால், கடைசி ஒரு மாதத்துக்காவது கட்டளைச் சொற்களைப் பழக்குங்கள்: ‘எழுதுக’, ‘பொருத்துக’, ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’. விடை தெரிந்தும் இந்தச் சொற்களின் பொருள் தெரியாமல் ஒருவர் வெற்றுத்தாளைத் தந்துவிட்டு எழுந்துபோவது மனத்தை வருத்தும்.

மையத்தை முடித்துவிட்டுச் செல்லும்போது, நான்கு பத்தி நோட்டை அடுத்து வரும் தன்னார்வலரிடம் கொடுத்துவிடுங்கள். அதில் எழுதியிருப்பவற்றுள் உங்கள் மையத்தில் படித்தவர்கள் தங்கள் கையாலேயே ஐந்தாறு சொற்களையாவது சேர்த்திருக்கட்டும். யார் சொன்னது, எந்தக் கொட்டாய் என்னும் இரண்டாம், மூன்றாம் பத்திகளையும் அவர்களே நிரப்பட்டும். செப்டம்பர் 8ஆம் தேதி உலக எழுத்தறிவு நாள் நிகழ்ச்சி நடத்துவதானால், அன்று மேடையில் படிப்பதற்கு வேறு உரை தயாரிக்க வேண்டாம். அந்தப் பக்கங்களை எழுதியவர்களே எழுந்து படிக்கலாம்.